காணியை ஈடு வைக்குமுன்

பெரும்போக உழவு தொடங்கும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் கமக்காரர் கையில் பணம் அரிது. விதைநெல், பசளை, உழவு இயந்திரக் கூலி யாவும் அப்பொழுதே வேண்டியிருக்க, நெல்லோ மாசி, பங்குனியிலேதான் களத்துக்கு வருகின்றது. தம்பலகாமத்திலும் மூதூரிலும் கடனின்றி வயல் செய்தல் பலருக்கு இயலாத காரியம். ஆதலால் கடன் பெறலாகாது என நாம் கூறவில்லை. எவ்வகைக் கடன், எதனை ஈடாக வைத்து என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் வட்டியை நோக்குவோம். மாதம் நூற்றுக்கு 3 ரூபா என்பது சிறுதொகையாகத் தோன்றும். அஃது ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ஆகும். "ஆண்டு வட்டி 20 வீதமே" என்று 1 இலட்சம் ரூபா கொடுத்து, மாதம் 10,000 ரூபாவாக 12 தவணையில் அறவிடுவோரும் உளர். முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழுத்தொகைக்கும் கணிக்கப்படுவதால், உண்மை வட்டி ஏறக்குறைய 35 வீதமாகின்றது. அன்றியும் நெல்லை நம்பியிருப்பவர் வாராவாரம் எங்கிருந்து கட்டுவார்? கத்தரி, வெண்டி பறித்துச் சந்தைக்கு அனுப்புவோர்க்கு அது இயலும். நெற்செய்கையாளர்க்கு அறுவடைத் தவணையே ஏற்றது. 2018ஆம் ஆண்டில், வரட்சியுற்ற 12 மாவட்டப் பெண்களின் தவணை தவறிய நுண்கடன்களை, 1 இலட்சம் ரூபா வரையில், அரசாங்கமே தீர்க்க முன்வந்தது. அம்மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று.

அடுத்து உறுதி. ஈட்டு உறுதியில் காணி உங்களுடையதாகவே இருக்கும். மீளப்பெறும் நிபந்தனையுடன் எழுதும் விலை உறுதியோ வேறானது: குறித்த நாளுக்குள் பணத்தைக் கட்டத் தவறின் காணி கடன் கொடுத்தவருக்கே நிலைத்துவிடும். இரண்டையும் "ஈடு" என்றே ஊரில் வழங்குதல் பெருங்கேடு. நொத்தாரிசு வாசித்துக் காட்டிய பின்னரே, அதுவும் எழுத்தறிந்த உறவினர் ஒருவரை உடன்வைத்தே, கையொப்பமிடுக. கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களில் அனுமதிப் பத்திரத்தின்கீழ்க் காணி பெற்றோர், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு மாறாக அதனைத் தனியாருக்கு ஈடு வைத்தால் அது செல்லாது. அனுமதிப் பத்திரமும் இழக்க நேரலாம்.

எவ்வளவு பெறலாம்? நல்ல விளைச்சலை வைத்துக் கணக்கிடுதல் தவறு. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; நவம்பரில் தடை நீங்கியும் அப்பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் வங்கி வட்டியும் உயர்ந்தது. ஆகவே சென்ற சில போகங்களுள் மிகக் குறைந்த விளைச்சலை எடுத்து, வீட்டுக்குரிய நெல்லையும் அடுத்த விதைநெல்லையும் நீக்கி, எஞ்சியதால் தீர்க்கக்கூடிய அளவே பெறுதல் வேண்டும். வயலை ஈடு வைத்துத் திருமணச் செலவு செய்வோர்க்கு இக்கணக்கு ஒருபோதும் ஒத்துவராது; அச்செலவு நெல் விளைப்பதில்லை அன்றோ!

கடன் தீர்ந்ததும் பற்றுச்சீட்டோடு நின்றுவிடாது, ஈடு நீக்கப்பட்டதைக் காணிப் பதிவகத்தில் பதிவித்து, மூல உறுதியைக் கையோடு வாங்கி வருக.