போலி ஊசியும் மெய்யான நிவாரணமும்

புதிய மருந்தொன்றைச் சோதிக்கும்போது, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தையும், மற்றவர்களுக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிடுவது வழக்கம். வெற்று மாத்திரை உண்டவர்களிலும் சிலர் குணம் தெரிவதாகக் கூறுவர். இதனை மருந்துப்போலி விளைவு என்பர். மாத்திரையில் எளிதான இச்சோதனை அக்குபங்சரில் எளிதன்று. ஊசி குத்தப்பட்டதா இல்லையா என்பதைக் குத்தப்படுபவரிடமிருந்து எவ்வாறு மறைப்பது?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மரபுப் புள்ளிகளை விடுத்து, வேறிடங்களில் தோலின் மேற்பரப்பில் மட்டும் ஊசியைச் செலுத்துவது ஒன்று. மற்றொன்று, ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் 1998இல் அறிமுகப்படுத்திய மழுங்கிய ஊசி. நாடகக் கத்தியைப் போல, தோலைத் தொட்டதும் இது தன் கைப்பிடிக்குள்ளேயே புகுந்துவிடும். நோயாளிக்கோ குத்தியதாகவே தோன்றும்.

அக்குபங்சர் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கலாமா என்ற கேள்வியை முன்னிட்டு ஜெர்மனியில் பெரும் ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்றில், நாள்பட்ட இடுப்புவலி உடைய 1,162 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின், மரபுவழி ஊசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினரும், முதல் வகைப் போலி ஊசி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 27.4 விழுக்காடே. அதாவது, ஊசி எந்த இடத்தில் செலுத்தப்பட்டது என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. எனினும் போலியே வழக்கமான சிகிச்சையை விஞ்சிவிட்டது! (பல ஆண்டுகளாக அச்சிகிச்சையில் சலித்தவர்களுக்கு அதையே மீண்டும் அளித்தால் என்ன எதிர்பார்ப்பு எஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.) இடுப்புவலிக்கும் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும் காப்பீடு உண்டென 2006இல் முடிவாயிற்று, தலைவலிக்கு இல்லை.

வலியைப் பொறுத்தவரை இம்முடிவு ஏற்கத்தக்கதே. வலி குறைந்ததாக நோயாளி உணர்வதே அங்கு நாடும் பயன். எல்லா நோய்களும் அப்படியல்ல.

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதனைத் தெளிவாக்குகிறது. அதில் மெய்யான அக்குபங்சர் இடம்பெறவில்லை. போலிகளின் ஆற்றலே சோதிக்கப்பட்டது. ஆஸ்துமா உடையவர்களுக்குச் சால்புட்டமால் இன்ஹேலர், வெற்று இன்ஹேலர், போலி ஊசி ஆகியன மாறி மாறி அளிக்கப்பட்டன. சில நாள்களில் எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை. தாங்கள் உணர்ந்த முன்னேற்றத்தை நோயாளிகள் முறையே 50, 45, 46 விழுக்காடு எனவும், சிகிச்சையற்ற நாள்களில் 21 விழுக்காடு எனவும் மதிப்பிட்டனர். மூச்சளவுக் கருவி காட்டியதோ வேறு. இன்ஹேலர் மருந்தால் மூச்சின் அளவு 20 விழுக்காடு உயர்ந்தது. ஏனைய மூன்றிலும் உயர்வு ஏறத்தாழ 7 விழுக்காடே. போலி ஊசிக்கும் சும்மா இருந்ததற்கும் வேறுபாடில்லை.

மூச்சுக் குழல் சுருங்கியிருக்கும்போதே நலமாக இருப்பதாகத் தோன்றுவது ஆபத்தானது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இத்தகையவையே. இடுப்புவலிக்கு ஊசி நாடுபவர்கள் நாடலாம். இந்நோய்களுக்குரிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. ஆஸ்துமா உடையவர்கள் வீட்டிலேயே ஊதிப் பார்க்கக்கூடிய சிறு மூச்சளவுக் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நாள்தோறும் அதன் அளவைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டலாம்.