மாதம் பிடிக்கிற பத்து விழுக்காடு

2026 ஜனவரி 3 சனிக்கிழமை. வீட்டில் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அலைபேசி ஓயாமல் அதிர்ந்தது. எல்லாக் குழுக்களிலும் ஒரே செய்தி: தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டுவிட்டது. வாழ்த்து, வருத்தம், "நம்பாதீங்க", "இனிப்பு எப்போ" என்று நூறு விதமான பதில்கள். மாலையில் ஓர் அழைப்பு வந்தது. எங்கள் பள்ளியில் 2024இல் பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? நீங்க கணக்கு டீச்சர், பார்த்துச் சொல்லுங்க. அதுல நானும் வருவேனுங்களா?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதினேழு ஆண்டுகளாக என் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் பத்து விழுக்காடு பிடிக்கப்படுகிறது. வட்டிக் கணக்கை வகுப்பில் நடத்துகிறேன், என் கணக்கையே முழுதாகப் படித்ததில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததை நம் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஆசிரியர் அறையையே எடுத்துக்கொள்ளலாம். ராசிபுரம் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் அம்மா 2002 டிசம்பரில் பணியில் சேர்ந்தவர். நான் 2008இல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஓவியம் கற்பிப்பவர் 2012இல் பகுதிநேர ஆசிரியராக வந்தவர். ஒரே மேசையில் தேநீர் குடிக்கிற எங்கள் மூவருக்கும் அறுபது வயதுக்குப் பிறகான வாழ்க்கை வேறு வேறு. தலைமையாசிரியருக்குப் பழைய ஓய்வூதியம், எனக்குப் பங்களிப்பு ஓய்வூதியம், ஓவிய ஆசிரியருக்கு இரண்டும் இல்லை. இந்தக் கட்டுரையில் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கோடு விழுந்த நாள் 1.4.2003. அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று 6.8.2003 நாளிட்ட நிதித்துறை அரசாணை எண் 259 சொன்னது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது 1.1.2004இல். அதாவது தமிழ்நாடு ஒன்பது மாதம் முந்திக்கொண்டது. ஆனால் இன்னொரு வேறுபாடு இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. மத்திய அரசின் திட்டத்தில் பணம் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் நிதி மேலாளர்களிடம் போய், பங்குச் சந்தையிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகிறது. தமிழ்நாடு அந்த அமைப்பில் சேரவில்லை. நம் பணத்துக்குப் பொது வருங்கால வைப்பு நிதிக்கு உரிய வட்டி தரப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் அது 7.1 விழுக்காடு. ஆகவே "என் சி.பி.எஸ். பணம் ஷேர் மார்க்கெட்டில் போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் அது தவறு. "என்.பி.எஸ்.ஸும் சி.பி.எஸ்.ஸும் ஒன்றுதான்" என்பதும் தவறு.

பிடித்தம் எப்படி? அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதில் பத்து விழுக்காடு. அதே அளவு தொகையை அரசும் செலுத்துகிறது. அடிப்படை ஊதியம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 விழுக்காடு, அது 46,400. இரண்டும் சேர்ந்து 1,26,400. நம் பங்கு 12,640, அரசின் பங்கு 12,640. மாதம் 25,280 நம் பெயரில் சேர்கிறது. ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். பணிநிறைவின்போது இந்த இருப்பு வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வரும். அதோடு முடிந்தது. மாத ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. பணியில் இருக்கும்போது வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுப்பதைப் போல இதில் எடுக்கவும் முடியாது.

தமிழாசிரியர் கதை இங்கேதான் வருகிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுமூப்பில் காத்திருந்து காத்திருந்து நாற்பத்து நாலு வயதில் பணியில் சேர்ந்தவர். நானும் அவரும் ஒரே ஆண்டில் ஆணை பெற்றோம். எனக்கு அப்போது இருபத்தெட்டு. பதினாறு ஆண்டுப் பணி. ஓய்வு பெற்றபோது இருபத்திரண்டு லட்சம் சொச்சம் வந்தது. பெரிய தொகைதான், எங்கள் ஊரில் அதைக் கேட்டதும் சொந்தக்காரர்களின் நடையே மாறிப்போனது. சின்ன மகளின் கல்யாணம். மகன் லாரி வாங்க முன்பணம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், லாரி முன்பணம் என்றால் ஒரு பங்கு பணம், மூன்று பங்கு ஃபைனான்ஸ். மீதி இருந்ததை வைப்பில் போட்டார். முழு இருபத்திரண்டு லட்சத்தையும் தொடாமல் 7.1 விழுக்காட்டில் போட்டிருந்தாலும் மாதம் 13,017 ரூபாய்தான் கிடைத்திருக்கும். அவர் செலவாளி இல்லை. மொத்தமாகப் பணம் இருக்கும் வீட்டில் மொத்தமாகச் செலவு வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

வட்டி வருமானத்தின் இன்னொரு குறை, அது நின்ற இடத்திலேயே நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால் 72ஐ 6ஆல் வகுத்துப் பாருங்கள், பன்னிரண்டு ஆண்டில் விலை இரண்டு மடங்கு. அறுபது வயதில் வாங்கிய 13,017 எழுபத்திரண்டு வயதில் பாதி மதிப்புக்கு வந்துவிடும். மருந்துக்கடை பில் கூடும் வயதில்.

பழைய ஓய்வூதியத்தின் வலிமை ஐம்பது விழுக்காடு என்பதில் மட்டும் இல்லை, அகவிலைப்படியில் இருக்கிறது. 80,000 அடிப்படை ஊதியத்தோடு, முப்பது ஆண்டு தகுதியுள்ள பணி முடித்து ஓய்வு பெறும் ஒருவருக்கு ஓய்வூதியம் 40,000. அதன்மேல் 58 விழுக்காடு அகவிலைப்படி 23,200. ஆக மாதம் 63,200. ஆண்டுக்கு 7,58,400. இதை வட்டியாக மட்டும் பெற வங்கியில் எவ்வளவு வைக்க வேண்டும்? 0.071ஆல் வகுத்தால் ஒரு கோடியே ஆறு லட்சத்து எண்பத்தோராயிரத்துச் சொச்சம். பத்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டபோது ஒரு மாணவி, "அப்போ ஹெச்.எம். அம்மா கோடீஸ்வரிங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஒரு விதத்தில் ஆமாம். ஆனால் அந்தக் கோடியை அவர் எடுத்துச் செலவு செய்யவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ முடியாது. மொத்தத் தொகை என்றால் முதல் நம்மிடம் இருக்கும். ஓய்வூதியம் என்றால் ஆயுள் வரை வருமானம் இருக்கும், முதல் இருக்காது. இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு வெறும் மாதத் தொகையை மட்டும் பார்ப்பது நியாயமான கணக்கல்ல.

இனி புதிய திட்டம். 2016இல் சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பிறகு டி.எஸ். ஸ்ரீதர் பொறுப்பேற்று 2018 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மறுபடி ஒரு குழு. அதன் தொடர்ச்சிதான் ஜனவரி 3 அறிவிப்பு. இடையில் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து 2025 ஏப்ரல் முதல் செயல்படுத்தியது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், இமாச்சலம் போன்ற மாநிலங்கள் பழைய ஓய்வூதியத்துக்கே திரும்புவதாக அறிவித்தன. ஆந்திரம் 2023இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

நம் அறிவிப்பின் சாரம்: கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் ஐம்பது விழுக்காடு உறுதியான ஓய்வூதியம். ஊழியர் பத்து விழுக்காடு செலுத்துவார், அதற்கு மேல் தேவைப்படும் தொகையை அரசு ஏற்கும். பணியில் இருப்பவர்களுக்கு நிகராக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி உயர்வு. ஓய்வூதியர் இறந்தால் அந்த ஓய்வூதியத்தில் அறுபது விழுக்காடு குடும்ப ஓய்வூதியம். பணிக்கொடை 25 லட்சத்துக்கு மிகாமல். தகுதியுள்ள பணிக்காலத்தை முடிக்காமல் ஓய்வு பெறுபவர்களுக்கும் குறைந்தபட்ச ஓய்வூதியம். பங்களிப்புத் திட்டத்தில் சேர்ந்து, புதிய திட்டம் வருவதற்கு முன்பே ஓய்வூதியம் இல்லாமல் ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம். ஓய்வூதிய நிதியத்துக்கு அரசு உடனடியாக 13,000 கோடி தர வேண்டியிருக்கும் என்றும், அதன்பின் ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடி ஆகும் என்றும் அறிவிப்பில் இருந்தது.

இதில் பழைய ஓய்வூதியத்திலிருந்து மாறுபடும் இடத்தைப் பாருங்கள். தலைமையாசிரியருக்கு ஓய்வூதியத்துக்கென்று ஊதியத்தில் எந்தப் பிடித்தமும் இல்லை. அவர் வைப்பு நிதியில் போடும் பணம் அவருடைய சேமிப்பு, வட்டியோடு அவருக்கே திரும்பும். புதிய திட்டத்தில் நம் பத்து விழுக்காடு ஓய்வூதியத்துக்கான பங்கு. "ஐம்பது விழுக்காடு வந்துவிட்டது, பழைய ஓய்வூதியம்தான்" என்று சொல்பவர்கள் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே சமயம், "ஒன்றுமே இல்லை, பெயர் மாற்றம்தான்" என்பதையும் நான் ஏற்க மாட்டேன். அகவிலைப்படியோடு கூடிய மாத வருமானமும் குடும்ப ஓய்வூதியமும் நம் வீட்டில் இருக்கிற துணைக்கு என்னவென்று, பணியிலேயே இறந்துபோன சக ஆசிரியரின் வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

தமிழாசிரியருக்கு மறுநாள் பதில் சொன்னேன். "கடைசியில ஒரு வரி இருக்குதுங்க ஐயா, அது உங்களுக்குத்தான். கருணை ஓய்வூதியம்."

"கருணையா?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். தமிழ் கற்பித்தவருக்குச் சொல் உறுத்தும். பிறகு, "சரிங்க டீச்சர், எந்தப் பேருல வந்தாலும் வரட்டும். என்ன என்ன காகிதம் வேணும்னு சொல்லுங்க" என்றார்.

காகிதம் என்றதும்தான் என் கணக்குத்தாளை எடுத்தேன். ஆண்டு வாரியாக அச்செடுத்து, பழைய ஊதியச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து, மாதம் மாதமாக டிக் அடித்தேன். 2011இல் நான்கு மாதம் இல்லை. அந்த ஆண்டுதான் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல்லுக்கு மாறுதலில் வந்தேன். ஊதியச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, கணக்கில் வரவு இல்லை. மாதம் 2,400 பிடித்தம், அரசின் பங்கோடு 4,800, நான்கு மாதத்துக்கு 19,200. சிறிய தொகை என்று விட்டுவிடத் தோன்றும். 7.1 விழுக்காடு கூட்டுவட்டியில் நான் ஓய்வு பெறும் 2040 வரை இருபத்தொன்பது ஆண்டுக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மடங்குக்கு மேல் பெருகி 1,40,000ஐத் தாண்டுகிறது. மாணவர்களுக்குக் கூட்டுவட்டி நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

எந்தத் திட்டம் வந்தாலும் கணக்கும் பணிப்பதிவேடும்தான் பேசும். மாறுதல் வாங்கியவர்கள், மகப்பேறு விடுப்பில் இருந்தவர்கள், நிலுவை ஊதியம் பெற்றவர்கள் அந்தந்த மாதங்களை முதலில் பாருங்கள், விடுபடல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஊதியமில்லா விடுப்பு இவையெல்லாம் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வாரிசு நியமனப் படிவத்தில், கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலர் இன்னும் அப்பா பெயரையே வைத்திருக்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, அப்பா இறந்து ஆறு ஆண்டாகிறது.

எங்கள் வகுப்பில் நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு தந்தையின் மகன், கணக்கைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் அப்பாவின் பி.எஃப். சீட்டைக் கொண்டுவந்தான். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய் என்று சொன்னபோது, "ஆயிரம்தானுங்களா டீச்சர்?" என்றான். மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் எதையும் கொண்டுவரவில்லை.

விடுபட்ட வரவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். ஊதியப் பட்டியல் நகல், கருவூலப் பற்றுச்சீட்டு எண், தேதி, பணம் பெற்று வழங்கும் அலுவலரின் சான்று, எல்லாம் கேட்டார்கள். பழைய பள்ளிக்கு இரண்டு முறை போய் வந்தேன். அங்கிருந்த இளநிலை உதவியாளர் பீரோவின் மேல் கட்டியிருந்த மூட்டைகளை இறக்கித் தூசி தட்டித் தேடிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் மூன்று மாதத்துக்குத் தாள் கிடைத்துவிட்டது. 2011 ஆகஸ்டு மட்டும் அந்த மூட்டையில் இல்லை. அடுத்த மூட்டையைப் பார்க்க வரும் சனிக்கிழமை போக வேண்டும்.