மரண அறிவித்தலுக்கு முன்பே ஒரு நல்ல படம்

எங்கட இணையத்தளங்களில் தினமும் வரும் மரண அறிவித்தல்களின் படங்களை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பல படங்களில் ஓரத்தில் வேறு யாருடையதோ தோள் வெட்டுப்பட்டு நிற்கும். யாரோ ஒருவரின் கல்யாணத்திலோ சாமத்திய வீட்டிலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்தெடுத்திருப்பார்கள். சிலவற்றில் வாழ்நாளில் கோட் போடாத மனிதருக்குக் கணினியில் கோட்டும் ரையும் போட்டு, பின்னால் நீல வானத்தை ஒட்டியிருப்பார்கள். இன்னும் சிலது இருபது வருடத்துக்கு முந்திய விசா அட்டைப் படம். ஆள் போன இரவில் பிள்ளைகள் கைபேசியைத் தட்டித் தட்டித் தேடுவார்கள். ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். அப்பாவின் முகம் மட்டும் தெரிகிற ஒன்று இருக்காது.

நான் சூரிச்சில் மென்பொருள் வேலை செய்கிற ஒரு பொறியியலாளன். புகைப்படம் எனக்குத் தொழில் இல்லை. மூன்று வருடமாக உறவினரையும் நண்பர்களையும் இருத்தி வைத்து, முகப்படம் எடுக்கப் பழகி வருகிறேன். சுவிசில் கமரா வாங்குகிற எல்லோரும் முதலில் மலையைத்தான் எடுப்பார்கள். மற்றர்ஹோர்ன் மலைக்குப் படம் போதும். எங்கட ஆக்களுக்குத்தான் காணாது என்பது என் கருத்து.

விதை வியாபாரி எடுத்த ஐயாயிரம் படங்கள்

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த புகைப்படக்காரர் ரொபேர்ட்டோ டொனெட்டா. 1865இல் பிறந்தவர். இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில், லுக்மானியர் கணவாய்க்குத் தெற்கே இறங்கும் பிளெனியோ பள்ளத்தாக்கு இவருடைய இடம். அந்தக் காலத்தில் அது வறிய பள்ளத்தாக்கு. குளிர்காலம் வந்தால் ஆண்கள் பிழைப்புக்கு வெளியே போவார்கள்: மிலானில் கஸ்ரானிக் கொட்டை வறுத்து விற்க, லண்டனிலும் பாரிசிலும் சமையலறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் வேலை செய்ய. டொனெட்டாவும் 1894இல் லண்டன் போய் உணவகத்தில் பரிமாறுகிற வேலை செய்தார். எங்கட ஆக்கள் சுவிசுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்குவதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் முந்தி, ஒரு சுவிஸ்காரர் லண்டனில் கோப்பை ஏந்தியிருக்கிறார்.

திரும்பி வந்தவர் வீடு வீடாய், ஊர் ஊராய் நடந்து மரக்கறி விதையும் பூ விதையும் விற்றார். 1900ஐ ஒட்டி அந்தப் பகுதிச் சிற்பி ஒருவரிடம் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு விதைப் பெட்டியோடு கமராப் பெட்டியும் சேர்ந்து நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மணமக்கள், சொக்லேற் தொழிற்சாலைப் பெண்கள், சவப்பெட்டியைச் சுற்றி நிற்கும் குடும்பம் என்று முப்பது வருடமாகத் தன் பள்ளத்தாக்குச் சனத்தையே எடுத்தார். ஸ்ரூடியோ என்று ஒன்று கிடையாது. வீட்டு முற்றத்தில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிடுவார், நிலத்தில் ஒரு கம்பளத்தை விரிப்பார், ஆளை இருத்துவார். வெளிச்சம் வானத்திலிருந்து வரும், அவ்வளவுதான்.

பணம் சேரவில்லை. 1912இல் மனைவி பிள்ளைகளோடு பிரிந்து போனார். கடைசி மகன் மட்டும் தகப்பனோடு நின்றான். 1932இல் டொனெட்டா இறந்தபோது கடனுக்காக ஊராட்சி அவருடைய சாமான்களை எடுத்து விற்றது. கண்ணாடித் தட்டுகளை ஒருவரும் பெரிதாய் மதிக்காததால் அவை தப்பிப் பிழைத்தன. 1980களில்தான் அவை திரும்பக் கண்டெடுக்கப்பட்டன. ஏறக்குறைய 5000 தட்டுகள். 2016இல் வின்டர்தூரில் உள்ள சுவிஸ் புகைப்பட நிறுவனம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அவர் வாழ்ந்த கஸேரியோவின் வட்ட வீடு இன்று அவருடைய ஆவணக் காப்பகம். வறுமைக்குப் பெயர்போன ஒரு பள்ளத்தாக்கின் ஒரு தலைமுறை முகம் இப்படித்தான் மிஞ்சியது.

சுவிசில் ஐம்பதாயிரம் அளவில் தமிழர் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வார்கள். 1983க்குப் பிறகு வந்த முதல் தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதில் நிற்கிறது. எங்களுக்குள் ஒரு விதை வியாபாரி இருக்கிறாரா?

வெள்ளைச் சுவரும் கறுத்த முகமும்

முகப்படம் எடுக்கப் பெரிய சாமான் வேண்டாம். நான் பாவிப்பது ஒரு பழைய கமரா. அதற்கு 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 லென்ஸ். இது ரிக்கார்டோவில் பழையதாக நூறு பிராங் அளவில் கிடைக்கும். கைபேசியும் போதும், ஆனால் அரை மீற்றரில் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். கிட்டப் போனால் மூக்கு வீங்கும், காது பின்னுக்குப் போகும். ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் வையுங்கள். குவியத்தைக் கமராவுக்குக் கிட்டவான கண்ணில் வையுங்கள்.

எங்கட வீடுகளில் முதல் சண்டை வெளிச்சத்தோடு வரும். கமராவைக் கண்டவுடன், "வெளிச்சம் காணாது தம்பி" என்று சொல்லி வீட்டிலுள்ள எல்லா லைற்றையும் போட்டுவிடுவார்கள். யன்னல் வெளிச்சம் நீலம், வீட்டு லைற் மஞ்சள். இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு கன்னம் ஒரு நிறம், மற்றக் கன்னம் இன்னொரு நிறம். எல்லா லைற்றையும் நிற்பாட்டிவிட்டு, ஆளை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருத்துங்கள். வெளியே பனி கொட்டிக் கிடந்தால் இன்னும் நல்லது. நிலத்திலிருந்தும் வெளிச்சம் எழும்பி வந்து கண்ணுக்குக் கீழே இருக்கும் இருட்டை நிரப்பும்.

இரண்டாவது சண்டை சுவரோடு. சுவிஸ் வாடகை வீடுகளின் சுவர் பெரும்பாலும் வெள்ளை. தானாக இயங்கும் கமரா, தான் காண்பதைச் சராசரி சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன் எங்கட நிறத்து முகம் நின்றால், கமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கரியாய்ப் போகும். மாமியின் மெரூன் நிறச் சேலை ஒன்றைப் புத்தகத் தட்டில் தொங்கவிட்டேன், முகம் வந்துவிட்டது. டொனெட்டாவின் துணிக்கு அழகு மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

இது கமராவின் கணக்கு மட்டும் இல்லை. பல பத்தாண்டுகளாக வர்ணப் பிலிமின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களில் பாவித்தது ‘ஷர்லி அட்டை’ என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படம். கறுத்த தோலின் நுணுக்கம் அந்தக் கணக்கில் இருக்கவில்லை. கொடாக் நிறுவனம் பிலிமைத் திருத்தத் தொடங்கியதற்குக் கறுப்பின மக்களின் முறைப்பாட்டை விட, கறுத்த சொக்லேற்றும் மரத் தளபாடமும் சரியாக விழவில்லை என்ற கம்பனிகளின் முறைப்பாடே காரணம் என்று கனேடிய ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். சுவிசில் வாழ்ந்து மறைந்த இயக்குநர் ஜான்-லுக் கோதார், 1970களின் பிற்பகுதியில் மொசாம்பிக் போனபோது, அந்தப் பிலிம் இனவாதப் பிலிம் என்று பாவிக்க மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. 2021இல்தான் கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்று ‘ரியல் டோன்’ என்ற வசதியை விளம்பரப்படுத்தியது.

கருவிகள் திருந்தத் தொடங்கிவிட்டன. நாங்கள் திருந்தவில்லை. படம் எடுத்து முடித்ததும் எனக்கு வருகிற முதல் கேள்வி, "கொஞ்சம் வெள்ளையாக்கலாமா?" கல்யாண அல்பங்களைப் பாருங்கள், மாப்பிள்ளையின் கை ஒரு நிறம், முகம் இன்னொரு நிறம். நான் ஒருவரையும் வெள்ளையாக்கிக் கொடுப்பதில்லை. யன்னல் வெளிச்சத்தில் சரியாக எடுத்த எங்கட தோலில் செம்பும் இருக்கும், நீலமும் இருக்கும். பெரிதாய் அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு ஒருவரும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டதில்லை.

முகம் எங்கே இறுகியது

மாமா 1985இல் வந்தவர். முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். அவரைக் கதிரையில் இருத்தினால் முதுகு நிமிரும், தாடை இறுகும், கண் விறைக்கும். முதலில் கூச்சம் என்று நினைத்தேன். பிறகு அவரே சொன்னார், "எங்களை ஆர் தம்பி ஆசைக்குப் படம் எடுத்தது? அடையாள அட்டைக்கு எடுத்தான், பொலிசுக்கு எடுத்தான், இஞ்ச வந்து இறங்கினவுடன அகதி விண்ணப்பத்துக்கு எடுத்தான்." அந்தத் தலைமுறைக்குக் கமரா என்பது ஒரு அதிகாரி. சிரிக்கச் சொன்னால் சிரிப்பு வராது.

ஆனபடியால் அவரிடம் ஒன்றும் கேட்காமல், வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தேன். கை வேலையில் இறங்கியவுடன் தோள் தளர்ந்தது. பழைய சமையலறைக் கதை ஒன்று சொல்லத் தொடங்கினார். இடையில் நிமிர்ந்து, "விளங்குதே?" என்று பார்த்த பார்வைதான் படம். அச்சடித்துக் கொடுத்தபோது கனநேரம் பார்த்தார். "இது நல்லாயிருக்கு. எடுத்து வையுங்கோ, தேவைப்படும்" என்றார். எதற்கு என்று எல்லோருக்கும் விளங்கியது. மாமி அவரைப் பேசினா. ஆனால் படத்தை அவவே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினா.

மச்சாளின் மகளுக்குப் பதினைந்து வயது. கைபேசி நிறையத் தன் முகம்தான். ஆனால் மற்றவர் எடுத்தால் பிடிக்காது. தான் பார்க்கும் முதல் வட்ஸ்அப் குழுவிலேயே பெரியவர்கள் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயம். சுவிஸ் சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆளுமையைப் பாதுகாக்கிறது. ஒருவரின் உருவம் அவருக்கே சொந்தம் என்ற உரிமை அதன் கீழ்தான் வருகிறது. பிள்ளைக்கும் அது உண்டு. கேட்டு எடுப்போம், கேட்டுப் பகிர்வோம். இது மரியாதையில்லாத கதை இல்லை.

அவவை எடுப்பதை விட்டுவிட்டுக் கமராவை அவவிடமே கொடுத்தேன். தாத்தாவை எடுத்தா. நல்ல படத்துக்குக் கதை கொடுக்க வேண்டும் என்று சொன்னதால், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கத் தொடங்கினா: எந்த ஊர், எந்த வயதில் வெளிக்கிட்டீங்கள், பயமாய் இருந்ததா. தகப்பனும் தாயும் அந்தப் பதில்களைப் பக்கத்தில் நின்று முதன்முதலாய்க் கேட்டார்கள். சுக் நகரில் 1947இல் பிறந்த அன்னலீஸ் ஷ்ட்ர்பா தன் வீட்டுப் பிள்ளைகளையே வருடக்கணக்கில் எடுத்து, 1997இல் ‘ஷேட்ஸ் ஒவ் ரைம்’ என்ற புத்தகமாக்கினார். எங்கட வீடுகளில் அது எதிர்த் திசையிலும் நடக்கலாம். பிள்ளைகள் பெரியவர்களை எடுக்கட்டும்.

எடுத்ததைக் காப்பாற்றுவது

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்ட சனம் அல்பங்களை விட்டுவிட்டுத்தான் நடந்தது. இன்றைக்குப் பல வீடுகளில் அப்பாவின் இளவயதுப் படம் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த இழப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் இப்போது எடுக்கிற படம் தொலைந்தால் பொறுப்பு எங்களுடையது.

கணினித் துறையில் ஒரு எளிய விதி உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பிரதி என்று எண்ண வேண்டாம், அது சுருக்கிவிடும். மூலக் கோப்பை வைத்திருங்கள். நல்ல ஐந்து படத்தைக் காகிதத்தில் அச்சடியுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், ஊர், எடுத்த இடம், வருடம் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ இத்தாலியனிலோ எழுதுங்கள். பேரப்பிள்ளை எதை வாசிப்பான் என்று இப்போது சொல்ல முடியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, லைற்றை நிற்பாட்டி, ஒரு கதிரையை யன்னலுக்குக் கிட்டப் போடுங்கள். பின்னால் ஒரு சேலையைக் கட்டுங்கள். அம்மா பவுடர் பூசப் போனால் விடுங்கள், அது அவவின் உரிமை. ஐம்பது படம் எடுங்கள், நாற்பத்தொன்பது சரிவராது. சரிவந்த ஒன்றை அவ உயிரோடு இருக்கும்போதே சுவரில் மாட்டுங்கள்.