மீண்டும் வரும் நோயும் மருந்துச் சோதனையும்

காஞ்சிபுரத்தில் பிறந்த பேரறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை அவ்வூரின் காரப்பேட்டையில் இயங்கி வருகிறது. அங்காயினும் வேறெங்காயினும், பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவருக்கு நோய் திரும்பிவிட்டால், குடும்பத்தார் கேட்கும் கேள்வி, 'புதிய மருந்து ஏதும் இல்லையா?' என்பதே. அதற்கு நேர்மையான விடை மருந்துச் சோதனைகளில்தான் கிடைக்கும்.

மருத்துவர்கள் 'கிளினிக்கல் டிரையல்' என்று குறிப்பிடும் இச்சோதனையின் முதல் கட்டத்தில் உடல் தாங்கும் அளவும், இரண்டாம் கட்டத்தில் மருந்தின் பலனும் பார்க்கப்படும். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மற்றதற்கு வழக்கமான சிகிச்சையோ மருந்தற்ற மாத்திரையோ தரப்படும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையில் ஓலையை எடுக்கச் சிறுவனை அழைத்த காரணமே இதற்கும் பொருந்தும்: தேர்வில் எவர் விருப்பமும் கலக்கலாகாது.

கிடைத்த பலன் என்ன? பிற சிகிச்சைகள் பயனளிக்காத 800 பேரிடம் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வில், டிரைஃப்ளூரிடின்-டிபிராசில் மாத்திரை பெற்றோரின் இடைநிலை ஆயுள் 7.1 மாதம், மருந்தற்ற மாத்திரை பெற்றோருக்கு 5.3 மாதம். அதனுடன் பெவசிசுமாப் மருந்தையும் சேர்த்தபோது 10.8 மாதம், மாத்திரை மட்டுமெனில் 7.5 மாதம் என 2023-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. இடைநிலை எனில், பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர். பாதிப் பேர் அதற்குள் மறைந்தனர்.

நோய் பரவியவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரின் கட்டியில், மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் பழுதுபட்டிருக்கும். அவர்களுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து, கீமோதெரபியைப்போல் இரு மடங்கு காலம் நோயைக் கட்டுப்படுத்தியதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, கட்டியின் தன்மையை முதலில் சோதித்தறிவது அவசியம்.

ஒன்றைப் பெற எதை இழக்கிறோம் என்பதைப் பொருளியல் 'வாய்ப்புச் செலவு' என்கிறது. சோதனையில் புதிய மருந்து பொதுவாக இலவசம். ஆனால், பயணமும் தறியில் உட்காராத நாள்களின் கூலியும் செலவுதான். சோதனைக்கு வெளியே அம்மருந்தை வாங்க வீட்டை அடகு வைக்கத் துணியும் நெசவாளர், அதனால் கூடக்கூடிய காலம் எவ்வளவு என்பதை அறிந்த பின்னரே துணிய வேண்டும். அதைச் சொல்வது மருத்துவரின் கடமை.

இந்தியாவில் மருந்துச் சோதனைகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படாது.

ஆயினும், எதைச் சோதிப்பது என்பதைப் பெரும்பாலும் மருந்து நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனை வேறு வழி காட்டியது. தலை, கழுத்துப் புற்றுநோயில், நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்ததை அதன் ஆய்வு நிறுவியது. குறைந்த செலவில் எவ்வளவு பலன் என்ற இக்கேள்வியைப் பெருங்குடல் புற்றுநோயிலும் எழுப்ப அரசு மருத்துவமனைகளால் இயலும். அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். நம் ஏழை நோயாளிகள் பங்கேற்கும் சோதனை, அவர்களால் வாங்க இயலும் மருந்தைத் தேடுவதாகவும் இருத்தல் வேண்டும்.