புரதத்தின் வடிவும் உயிரின் தொழிலும்

ஒரு கவளம் சோற்றை உடனே விழுங்கிவிடாமல் நெடுநேரம் மென்றால், அது மெல்ல இனிக்கத் தொடங்குவதை நாம் உணரலாம். சோற்றில் நாம் சர்க்கரை சேர்க்கவில்லை. பின் இனிப்பு எங்கிருந்து வந்தது? உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி, சோற்றின் மாப்பொருளைத் துண்டு துண்டாக வெட்டி, மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடுகிறது. சோதனைச்சாலையில் மாப்பொருளைச் சர்க்கரையாக்க வேண்டுமானால், அமிலம் சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். நம் வாயோ உடலின் இளஞ்சூட்டிலேயே அதைச் செய்து முடிக்கிறது.

ரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தி, தான் மட்டும் செலவாகாமல் எஞ்சி நிற்பதே நொதியின் இயல்பு. நம் இரத்தத்திலுள்ள ஒரு நொதியின் ஒரே மூலக்கூறு, ஒரு விநாடியில் சுமார் 10 லட்சம் கரியமில வாயு மூலக்கூறுகளை மாற்றவல்லது. இத்தகைய வேலைக்கு உயிருள்ள அணு கட்டாயம் வேண்டும் என்று முன்னாளில் பலர் கருதினர். உயிரணு ஒன்றுமில்லாத ஈஸ்ட்டுச் சாறே சர்க்கரையைப் புளிக்க வைப்பதை 1897-ல் ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் பூக்னர் காட்டினார். 1926-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர், ஒருவகை அவரையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதமே என்று நிறுவினார். நொதிகளில் மிகப் பெரும்பாலானவை புரதங்களே என்பதை இன்று நாம் அறிவோம்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை எனலாம். அம்மாலை நீண்டு கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு ஒரு தனி வடிவம் கொள்கிறது. நொதியின் மேற்பரப்பிலுள்ள குழிவில், அதற்குரிய பொருள் பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது என்று 1894-ல் எமில் ஃபிஷர் உவமித்தார். பொருள் வந்து சேரும்போது பூட்டும் சற்றே நெகிழ்ந்து இடங்கொடுக்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே வடிவம் கெட்டால் தொழிலும் கெடும். முட்டையை வேக வைத்தால் அதன் வெண்கரு கெட்டியாவதும், வெப்பத்தால் புரதத்தின் வடிவம் குலைவதாலேயாம்.

வடிவத்தை வகுப்பது மணிகளின் வரிசை. ஒரு மணி மாறினால் என்ன நேரும்? பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் நான்கு சங்கிலிகளும், மொத்தம் 574 அமினோ அமிலங்களும் உள்ளன. அவற்றுள் பீட்டா எனப்படும் சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் அமைந்துவிட்டால், பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிகள் போல நீள்கின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கிறது. கடும் வலியும் சோகையும் இதன் விளைவுகள். இந்நோய்க்குக் காரணம் ஹீமோகுளோபினின் மாறுபாடே என்று 1949-ல் லைனஸ் பாலிங்கும் உடன் உழைத்தோரும் காட்டினர்; மாறிய மணி எது என்பதை 1957-ல் வெர்னான் இங்கிராம் கண்டுரைத்தார்.

இது எங்கோ தொலைவிலுள்ள நோயன்று. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்குறை காணப்படுவது 1952-லேயே அறிவிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், சத்தீஸ்கர், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பழங்குடி மக்களிடையேயும் இது மிகுதி. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்கும் நோக்குடன் 2023-ல் இந்திய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்து சேர்ந்தாலே இந்நோய் முற்றிய வடிவில் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதையே அறியமாட்டார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இதில் மருமகளையோ, அவள் பிறந்த குடியையோ பழிப்பதற்கு ஏதுமில்லை. மணத்திற்கு முன் சிறிதளவு இரத்தத்தைச் சோதித்தறிவதும், பிறந்த குழந்தைக்குக் காலத்தே மருத்துவம் தேடுவதும் நாம் செய்யத்தக்கவை. 574 மணிகளுள் மாறியது எது என்று கண்டறிந்த அறிவு, நம் இல்லங்களில் இவ்வாறு பயன்பட வேண்டும்.