குவியலின் கணக்கு – 6: உருண்டையைக் கொஞ்சம் நசுக்கினால்

ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நேர்த்தியாக அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611இல் கெப்ளர் சொன்னதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் நெல்லையோ ஜல்லியையோ யார் அடுக்குகிறார்கள்? கொட்டுகிறோம், குலுக்குகிறோம், அவ்வளவுதான். அப்படிக் கொட்டிக் குலுக்கிய உருண்டைகள் 64 சதவீதத்தில் இறுகி நின்றுவிடும். மீதி வெறும் காற்று.

இப்படிப்பட்ட குவியலுக்குள் எது எதைத் தொடுகிறது என்று பார்க்க, லண்டனில் ஜே. டி. பெர்னல் என்ற விஞ்ஞானி 1960 வாக்கில் எஃகுக் குண்டுகளைக் கொட்டி, மேலே கறுப்புச் சாயத்தை ஊற்றிக் காயவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பெயர்த்து, எத்தனை குண்டுகள் அதைத் தொட்டிருந்தன என்று தடங்களை எண்ணினார். அவ்வளவு பொறுமை!

அந்த 64ஐத் தாண்டும் வழி மிட்டாயில் கிடைத்தது. அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் பால் சைகினுக்கு எம் அண்ட் எம் என்றால் உயிர். நம்மூர் ஜெம்ஸ் மாதிரி தட்டையான சாக்லேட் மிட்டாய் அது. அவருடைய மாணவர்கள் விளையாட்டாக ஒரு பீப்பாய் நிறைய அதை அவர் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மிட்டாயை வைத்தே அவரும் டோனெவ், டொர்குவாட்டோ முதலியோரும் செய்த ஆய்வு 2004இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கொட்டிக் குலுக்கிய மிட்டாய் 68 முதல் 71 சதவீதம் வரை நிரப்பியது. கணினியிலும் அதே விடைதான். அங்கே துகள்கள் புள்ளியளவில் தொடங்கி, ஒன்றையொன்று மோதிக்கொண்டே பருத்து, இனி அசைய இடமில்லை என்னும்போது நிற்கும்.

காரணம் அழகானது. உருண்டையை எப்படித் திருப்பினாலும் அது அதே உருண்டைதான். ஆகவே மூன்று திசைகளில் நகராமல் தடுத்தால் போதும். ஒவ்வொரு தொடுகையும் இரண்டு துகள்களுக்குப் பொது என்பதால், சராசரியாக ஆறு தொடுகைகள் தேவை. தட்டை மிட்டாயோ இரண்டு விதமாகச் சாயவும் செய்யும். அதையும் தடுக்கப் பத்து தொடுகைகள் வேண்டும். அத்தனை அண்டை வீட்டார் நெருங்கி வந்தால் இடைவெளி தானே குறையும். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுபட்ட முட்டை வடிவங்கள் 74 சதவீதத்தையே எட்டிப் பிடித்தன, யாரும் அடுக்காமலே! அதற்காக இழுத்துக்கொண்டே போகக் கூடாது. மிக நீண்ட குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாய் விழுந்து, உருண்டையைவிட மோசமாகவே நிரப்பும்.

இவ்வளவு தெரிந்தும் கணினி மாதிரிகளில் உருண்டைகளே அதிகம் உலவுகின்றன. ஒவ்வொரு துகளின் அசைவையும் தனித்தனியே கணக்கிடும் துகள்முறையை 1979இல் கண்டால், ஸ்ட்ராக் என்ற இருவர் வெளியிட்டபோது, அது வட்டத் தட்டுகளில்தான் தொடங்கியது. இரண்டு மையங்களின் தூரம் ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் தொடுகை உண்டு. சோதனை ஒரே வரியில் முடிந்துவிடும். முட்டை வடிவத்துக்கு அப்படி எளிய சூத்திரம் கிடையாது. அதனால் பல உருண்டைகளை ஒட்டி ஒரு துகளாக்குகிறார்கள். அந்த மேடுபள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டு, வழுவழுப்பான துகளில் இல்லாத பிடிப்பைக் காட்டிவிடக்கூடும்.

தானியக் கிடங்கையும் ரயில் பாதை ஜல்லியையும் இந்தக் கணக்குகளை நம்பித் திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு கணக்கின் அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் கேளுங்கள்: துகளுக்கு என்ன வடிவம் கொடுத்தீர்கள்?

(தொடரும்)