இலை உதிர்க்கும் தேக்குக் காடு!

மேல்நாடுகளில் ஐப்பசி மாதம் வந்துவிட்டால் மலைகள் நிறம் மாறும். பச்சை இலைகள் மஞ்சளாகும். சில மரங்கள் இரத்தச் சிவப்பாகும். அதைப் பார்ப்பதற்கென்றே மக்கள் குடும்பம் குடும்பமாக மலை ஏறுவார்கள். ஜப்பானியர்களுக்கு அது ஒரு திருவிழா!

நம் பக்கத்தில் அப்படி ஒரு காட்சி உண்டா?

உண்டு. கோவை கணபதியில் இருப்பவர்கள் அதற்காகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினால் போதும்!

பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை என்று போய், மலைப் பாதையில் ஏறினால் டாப்சிலிப் வரும். வெட்டிய மரங்களை மேலிருந்து கீழே சறுக்கி விட்ட இடம் அது. அதனால் இந்தப் பெயர். சுற்றிலும் தேக்கு மரங்கள். தை மாதத்தில் அவை இலை உதிர்க்கத் தொடங்குகின்றன.

தாகமே காரணம்

மேல்நாட்டு மரங்கள் குளிர்காலத்துக்கு முன்னால் இலை உதிர்க்கின்றன. நம் தேக்கு உதிர்ப்பதோ தாகத்துக்குப் பயந்து!

மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும். மண் காயத் தொடங்கும். தேக்கு இலையோ முறம் போல அகலமானது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும் பகுதி, இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஆவியாகப் போய்விடும். கோடை முழுவதும் இப்படிச் செலவு செய்தால் மரம் பிழைக்குமா?

ஆகவே, இலையில் உள்ள சத்தை மரம் முதலில் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சையம் மறைகிறது, மஞ்சள் தெரிகிறது. பிறகு காம்பின் அடியில் பிடிப்பு விட்டுப்போகிறது. காற்று அடித்ததும் இலை விழுகிறது. வரும்படி குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவது போலத்தான் இதுவும்!

மேல்நாட்டுச் சிவப்பு இங்கே இல்லை. மஞ்சளும் பழுப்பும்தான். ஆனால், தேக்கின் சிவப்பு கொழுந்தில் ஒளிந்திருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்துத் தேக்கின் இளம் இலையைக் கசக்கினால், கை மருதாணி இட்டது போலச் சிவந்துவிடும்.

தேக்குக் காட்டுக்குப் பக்கத்திலேயே கரியன் சோலை இருக்கிறது. அங்கே என்றும் பச்சைதான். காடு முழுவதும் ஒரே சமயத்தில் மொட்டையாவது கிடையாது. பழைய இலை போகப் போகப் புது இலை வந்துகொண்டிருக்கும்.

துரையின் கைத்தடி

ஆனைமலைத் தேக்கு, வெள்ளைக்காரர் ஆட்சியில் கப்பல் கட்டவும் ரயில் பாதைக்கும் வெட்டப்பட்டது. காடு மொட்டையாகிக்கொண்டே போயிற்று. அந்த நிலைமையை மாற்றியவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. வெட்டிய அடிமரம் மறுபடி தழைக்க வழி செய்தார். புதிய கன்றுகளையும் வளர்த்தார். நடந்துபோகும்போது கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் அவர் காலமானார். அவருடைய கல்லறை டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவேதான் இருக்கிறது.

ஒரு தீக்குச்சி போதும்

உதிர்ந்த சருகு மண்ணுக்கு உரம். ஆனால், மக்குவதற்கு முன்னால் அது வெடிமருந்து போன்றது! அணையாத பீடித் துண்டு ஒன்று போதும், காடு பற்றிக்கொள்ளும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடிய வேகத்துக்கு அவர்களால் ஓட முடியவில்லை.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளில் வழிகாட்டிகளுடன் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரை செல்லும் பாதையும் அதில் ஒன்று. தீ அபாயம் காரணமாக, 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகவே, இலை உதிர்வதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை மாதத்திலேயே போய் வருவது நல்லது. வனத்துறையின் அனுமதி அவசியம். யானையும் புலியும் உலவும் காடு அது. வழிகாட்டியை விட்டு விலகக் கூடாது. கட்டுச்சோறு கொண்டு போகலாம். தீப்பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்!